கேட்காமல் தோண்டிய கிணறுகள்

ஈக்வடார் நாட்டின் வடகிழக்கு மூலையில், அமேசான் மழைக்காட்டை வெட்டி எழுப்பப்பட்ட ஊர் லாகோ அக்ரியோ. ஸ்பானிஷ் மொழியில் 'புளித்த ஏரி' என்று பொருள். பெயர்க் காரணத்தை அங்குள்ள நீர்நிலைகளில் தேடிப் பயனில்லை. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் சோர் லேக் என்று ஓர் ஊர் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டெக்சகோ கம்பெனிக்கு அதிர்ஷ்டம் அடித்த இடம் அது. 1967ல் ஈக்வடார் காட்டில் எண்ணெய் பீறிட்டபோது கம்பெனிக்காரர்கள் அந்தப் பெயரையே மொழிபெயர்த்து இங்கேயும் சூட்டிவிட்டார்கள். அந்தக் காட்டில் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் மீன் பிடித்தும் வாழ்ந்த கோஃபான் மக்கள் தங்கள் இடங்களுக்கு வைத்திருந்த பெயர்கள் வரைபடத்தில் ஏறவில்லை.

பெயரைக் கேட்காதவர்கள் மற்ற எதையும் கேட்கவில்லை. இங்கே தோண்டலாமா, கழிவை இந்த ஓடையில் விடலாமா, உங்கள் வேட்டைக்காட்டின் குறுக்கே சாலை போடலாமா என்று எவரும் வாயைத் திறக்கவில்லை. ஈக்வடார் பழங்குடியினர் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடத்திவரும் போராட்டத்தின் மையம் இதுதான். நஷ்டஈட்டுக்காகத் தொடங்கிய போராட்டம், நாளடைவில் 'எங்களைக் கேட்டீர்களா?' என்ற ஒற்றைக் கேள்வியில் வந்து நிற்கிறது.

டெக்சகோவுக்கு அரசு காட்டைத் திறந்துவிட்டது 1964ல். 1972ல் ஆண்டீஸ் மலைத்தொடரைத் தாண்டி பசிபிக் கடற்கரை வரை சுமார் 500 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய் போடப்பட்டது. அந்த ஆண்டு ஜூனில் முதல் பீப்பாய் கச்சா எண்ணெய் தலைநகர் கீட்டோவில் ராணுவ மரியாதையுடன் ஊர்வலமாகக் கொண்டு செல்லப்பட்டது. தெருவில் திரண்ட மக்கள் எண்ணெயைக் கையால் தொட்டு மகிழ்ந்தார்கள். வாழைப்பழம் விற்றுக் காலம் தள்ளிய ஏழை நாட்டுக்கு விடிவு பிறந்துவிட்டதாகவே எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கூடமும் சாலையும் மருத்துவமனையும் வேண்டிய நாடு அது.

காட்டுக்குள் கதை வேறு விதமாக இருந்தது. முதல் ஹெலிகாப்டர் தலைக்கு மேல் வந்தபோது எமர்ஹில்டோ கிரியோயோ சிறு பையன். பின்னாளில் கோஃபான் மக்களின் தலைவர்களில் ஒருவரானார். வானத்தில் இரைச்சலிட்டு வந்தது என்னவென்றே தெரியாமல் தன் மக்கள் காட்டுக்குள் ஓடி ஒளிந்ததைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். பின்பு ஆற்றில் எண்ணெய் மிதந்தது. எண்ணெயை ஒதுக்கிவிட்டு அடியில் இருந்த தண்ணீரை மொண்டு குடித்தார்கள். அவருடைய இரண்டு பிள்ளைகள் இறந்து போனார்கள். ஒருவன் கைக்குழந்தை. மற்றவன் ஆற்றில் குளித்து, அந்த நீரை விழுங்கி, ரத்த வாந்தி எடுத்து மாண்டான் என்கிறார் கிரியோயோ.

எண்ணெயோடு பூமிக்கடியில் இருந்து வெளியே வரும் நீர்தான் இந்தப் பிரச்னையின் மூலம். ஆழத்தில் எண்ணெயோடு கலந்து கிடக்கும் அந்த நீர் கொதிக்கக் கொதிக்க வரும். கடல்நீரைவிட உப்பு மிகுந்ததாக இருப்பதுண்டு. பென்சீன் போன்ற நச்சுப் பொருள்களும் கன உலோகங்களும் அதில் கரைந்திருக்கும். அதை மீண்டும் ஆழத்துக்கே செலுத்திவிடும் முறை அப்போதே தெரிந்த ஒன்று. செலவு கூடும், அவ்வளவுதான். ஈக்வடாரில் அந்தச் செலவு செய்யப்படவில்லை. டெக்சகோ கிணறுகளை நிர்வகித்த காலத்தில் சுமார் 1,600 கோடி காலன், அதாவது 6,000 கோடி லிட்டர் கழிவுநீர் ஓடைகளிலும் ஆறுகளிலும் விடப்பட்டது. தோண்டும்போது வெளிவரும் சேறும் கசடும் கிணற்றடியிலேயே வெட்டிய குழிகளில் கொட்டப்பட்டன. அடியில் காப்பு எதுவும் பூசப்படாத வெறும் மண் குழிகள் அவை. மழைக்காட்டில் குழி நிரம்பி வழியாமல் இருக்க, அதன் பக்கவாட்டில் ஒரு குழாயைச் செருகி அருகிலுள்ள ஓடைக்கு வழி செய்திருந்தார்கள். இத்தகைய குழிகள் நூற்றுக்கணக்கில்.

பிரதான குழாயிலிருந்து கசிந்தது தனிக் கணக்கு. 1972க்கும் 1990க்கும் இடையே சுமார் 1.68 கோடி காலன் கச்சா எண்ணெய் அதிலிருந்து சிந்தியதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. 1989ல் அலாஸ்கா கடலில் எக்ஸான் வால்டிஸ் கப்பல் கொட்டிய எண்ணெயைவிட இது அதிகம். அலாஸ்காவில் எண்ணெயில் நனைந்த பறவைகளை உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது. அமேசான் ஓடைகளுக்கு எந்தக் கேமராவும் வரவில்லை.

எண்ணெய்க்காகப் போட்ட சாலைகளில் தூசி பறக்காமல் இருக்க கச்சா எண்ணெயையே தெளித்தார்கள். வெறுங்காலுடன் நடந்தவர்களின் பாதங்களில் தார் போல் ஒட்டிக்கொண்டது. அதே சாலை வழியாக மலைப்பகுதிகளிலிருந்து நிலமற்ற விவசாயிகள் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறினார்கள். காட்டை வெட்டித் திருத்தினால்தான் பட்டா கிடைக்கும் என்பது அன்றைய சட்டம். கோஃபான், சியோனா, சியெகோபாய் மக்கள் ஆற்றோரத் துண்டு நிலங்களில் ஒடுங்கினார்கள். டெட்டெட்டே என்ற சிறு இனம் அடையாளமின்றி அழிந்தே போனது. இதில் ஒரு வேதனையான முரண் உண்டு. வந்து குடியேறிய ஏழை விவசாயிகளும் அதே குழிகளின் அருகில்தான் குடிசை போட்டார்கள், அதே நீரைத்தான் குடித்தார்கள். பின்னாளில் பழங்குடியினரும் குடியேறியவர்களும் ஒரே வழக்கில் வாதிகளாகச் சேர்ந்து நின்றது இதனால்தான்.

நோய்க்கும் எண்ணெய்க்கும் உள்ள தொடர்பு குறித்து இன்றும் வாதம் ஓயவில்லை. மிகேல் சான் செபாஸ்டியன் என்ற மருத்துவர் குழுவினருடன் நடத்திய ஆய்வு 2002ல் வெளியானது. எண்ணெய் வயல்களுக்கு அருகில் வசித்த பெண்களுக்குக் கருச்சிதைவு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகம் என்றது அது. புற்றுநோய் பற்றியும் அவருடைய ஆய்வுகள் எச்சரித்தன. செவ்ரான் நிதியுதவியுடன் 2009ல் வெளியான ஓர் ஆய்வு, எண்ணெய்ப் பகுதிகளில் புற்றுநோய்ச் சாவுகள் அதிகம் என்பதற்கு ஆதாரமில்லை என்றது. நிபுணர்கள் மோதிக்கொண்டிருந்த காலமெல்லாம் குடிநீர் அதே ஆற்றிலிருந்துதான் வந்தது.

ஜூடித் கிம்மர்லிங் என்ற அமெரிக்க வழக்கறிஞர் இந்தப் பகுதியில் அலைந்து திரட்டிய விவரங்களை 1991ல் நூலாக வெளியிட்டார். 1993 நவம்பரில் சுமார் 30 ஆயிரம் பேர் சார்பில் நியூயார்க் நீதிமன்றத்தில் டெக்சகோ மீது வழக்கு தொடரப்பட்டது. முதல் வாதியாகப் பெயர் கொடுத்தவர் மரியா அகிண்டா என்ற கிச்சுவா பெண்மணி. முடிவெடுத்தது அமெரிக்காவில், எனவே நீதியும் அங்கேதான் என்பது வாதிகள் தரப்பு. 'சம்பவம் நடந்தது ஈக்வடாரில், சாட்சிகள் ஈக்வடாரில், எனவே அங்கே போங்கள்' என்றது கம்பெனி தரப்பு. இந்திய வாசகர்களுக்கு இது புதிய வசனமல்ல. போபால் விஷவாயுவில் பாதிக்கப்பட்டவர்களை 1986ல் இதே நியூயார்க் நீதிமன்றம் இதே காரணம் சொல்லி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பியது. ஒன்பது ஆண்டுகள் இழுத்தடித்த பின், 2002ல் ஈக்வடார் மக்களும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஈக்வடார் நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்க வேண்டும் என்பது கம்பெனிக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. இடையில் 2001ல் டெக்சகோ, செவ்ரான் நிறுவனத்துடன் இணைந்துவிட்டது.

2003ல் வழக்கு லாகோ அக்ரியோவுக்கே வந்தது. நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் ரப்பர் பூட்ஸ் அணிந்து குழி குழியாக நடந்து மண்ணையும் நீரையும் எடுத்தார்கள். வாதிகள் தரப்பை நடத்திய வழக்கறிஞர் பாப்லோ ஃபஹார்தோ, தபால் வழிக் கல்வியில் சட்டம் படித்தவர். செவ்ரானின் எதிர்வாதம் தெளிவானது. டெக்சகோ 1990ல் நிர்வாகத்தை அரசு நிறுவனமான பெட்ரோஈக்வடாரிடம் ஒப்படைத்துவிட்டு, 1992ல் ஒப்பந்தம் முடிந்து வெளியேறியது. 1995 உடன்பாட்டின்படி 4 கோடி டாலர் செலவில் தன் பங்குக்கு உரிய 160க்கு மேற்பட்ட குழிகளைச் சீர்செய்தது. 1998ல் அரசே பொறுப்பிலிருந்து விடுவித்துக் கையெழுத்திட்டது. அதற்குப் பின் நடந்த மாசுக்கெல்லாம் அரசு நிறுவனமே பொறுப்பு. வாதிகள் சொன்ன பதில்: குழிகளைத் தூர்த்தது வெறும் மேல்பூச்சு. தவிர, அரசு எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் மக்களின் உரிமையைக் கட்டுப்படுத்தாது.

2011 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. மன்னிப்புக் கேட்காவிட்டால் அபராதம் இரு மடங்கு என்று மொத்தத் தொகை 1,800 கோடி டாலரைத் தாண்டியது. ஈக்வடாரின் உச்ச நீதிமன்றம் 2013ல் அதை சுமார் 950 கோடி டாலராகக் குறைத்து உறுதி செய்தது. காட்டுவாசிகள் எண்ணெய் ராட்சதனை வீழ்த்திவிட்டதாக உலகப் பத்திரிகைகள் எழுதின. ஆனால் ஈக்வடாரில் செவ்ரானுக்கு ஜப்தி செய்ய நாற்காலி மேஜைகூட இல்லை. கனடாவிலும் பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் அந்தத் தீர்ப்பை நிறைவேற்ற எடுத்த முயற்சிகள் தோற்றன.

அதைவிடப் பெரிய அடி நியூயார்க்கில் விழுந்தது. நீதிபதிக்கு லஞ்சம் பேசியும் தீர்ப்பைத் தாங்களே எழுதிக்கொடுத்தும் வாதிகளின் வழக்கறிஞர்கள் மோசடி செய்தார்கள் என்று 2014ல் நீதிபதி லூயிஸ் கப்லன் தீர்ப்பளித்தார். அமெரிக்க வழக்கறிஞர் ஸ்டீவன் டான்சிகர் தொழில் உரிமையை இழந்தார். நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் சிறைத் தண்டனையும் பெற்றார். அந்தத் தீர்ப்புக்கு ஆதாரமாக அமைந்த முக்கிய சாட்சி செவ்ரானிடம் பணம் பெற்றவர் என்பதும், பின்னர் தன் வாக்குமூலத்தின் சில பகுதிகளை மாற்றிக்கொண்டார் என்பதும் டான்சிகர் ஆதரவாளர்கள் சுட்டிக்காட்டும் விஷயங்கள். 2018ல் ஹேக் நகரிலிருந்து இயங்கிய நடுவர் மன்றமும் செவ்ரானுக்குச் சாதகமாகவே முடிவெடுத்தது. இதில் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. காட்டில் என்ன நடந்தது என்பது தன் முன் உள்ள கேள்வியல்ல என்று நீதிபதி கப்லனே தெளிவுபடுத்தியிருந்தார். வழக்கறிஞர்களின் நடத்தை விசாரிக்கப்பட்டது. மண் சுத்தமாக இருக்கிறது என்று அவர் தீர்ப்பளிக்கவில்லை.

30 ஆயிரம் பேருக்கு ஒரு சென்ட்டும் வந்து சேரவில்லை. பணம் எதிர்த் திசையில்தான் போயிற்று. டெக்சகோ தொடுத்திருந்த பழைய வர்த்தக வழக்குகளை ஈக்வடார் நீதிமன்றங்கள் இழுத்தடித்தன என்று வேறொரு நடுவர் மன்றம் கண்டதால், 2016ல் ஈக்வடார் அரசு செவ்ரானுக்கு வட்டியுடன் சுமார் 11.2 கோடி டாலர் செலுத்தியது.

எண்ணெய் சிந்திய பிறகு நியாயம் தேடிப் போவதன் பலன் என்ன என்பதை அடுத்த தலைமுறை கண்ணால் கண்டது. வெள்ளம் வருமுன் அணை போடு என்ற பழமொழி அவர்களுக்கும் புரிந்தது. கோஃபான், சியோனா, சியெகோபாய், வவோரானி ஆகிய நான்கு இனத்தாரும் சேர்ந்து சேய்போ கூட்டணியை உருவாக்கினார்கள். இந்த மக்களுக்கிடையே 2011ல் தொடங்கிய தண்ணீர்த் திட்டத்தில் கிரியோயோ முன்னின்றார். கூரையில் விழும் மழைநீரைப் பிடித்து, மணலில் வடிகட்டி, தொட்டியில் சேர்க்கும் எளிய அமைப்பு. அரசோ கம்பெனியோ தராத குடிநீர் இவ்வாறு ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குக் கிடைத்தது. ஆற்றங்கரையில் வாழ்பவர்கள் மழைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதே அந்தத் தொட்டிகள் சொல்லும் செய்தி.

தெற்கே பாஸ்தாசா மாகாணத்தில் எண்ணெய் அவ்வளவாக நுழையவில்லை. அங்கே சரயாகு என்ற கிச்சுவா கிராமத்தின் காட்டை 1996ல் அரசு ஓர் அர்ஜென்டினா கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டது. 2002, 2003ல் ராணுவப் பாதுகாப்புடன் வந்த கம்பெனி, எண்ணெய் தேடுவதற்காக சுமார் 1,400 கிலோ வெடிமருந்தைப் பூமியில் புதைத்தது. கிராமத்தார் பயிர் வேலைகளைப் போட்டுவிட்டு எல்லையில் முகாமிட்டுக் காவல் காத்தார்கள். வழக்கு அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றது. அதன் நீதிபதிகள் 2012 ஏப்ரலில் கிராமத்துக்கே வந்தார்கள். அந்த நீதிமன்ற வரலாற்றில் அப்படி நடந்தது முதல் முறை. மக்களைக் கலந்தாலோசிக்காமல் அனுமதி கொடுத்தது தவறு என்று ஜூனில் தீர்ப்பாயிற்று. 2014 அக்டோபரில் அமைச்சர்கள் சரயாகுவுக்கு வந்து அரசின் சார்பில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள்.

வவோரானிகளின் வழக்கு இன்னும் சுவாரசியமானது. அவர்களது காட்டை அரசின் வரைபடம் 'பிளாக் 22' என்று குறித்திருந்தது. அதில் ஆறுகளும் எல்லைக்கோடுகளும் தவிர மற்ற இடமெல்லாம் வெற்றிடம். கிராமத்தார் ஜி.பி.எஸ். கருவிகளுடன் நடந்து தாங்களே ஒரு வரைபடம் தயாரித்தார்கள். மூலிகை விளையும் இடம், ஜாகுவார் நடக்கும் தடம், மீன் பிடிக்கும் மடு, முன்னோர் போரிட்ட களம் என்று வெற்றிடம் முழுவதும் நிரம்பிவிட்டது. 2012ல் மக்களைக் கலந்தாலோசித்தாயிற்று என்று அரசு வாதிட்டது. சிறு விமானத்தில் வந்து இறங்கிய அதிகாரிகள், பாதிப் பேருக்குப் புரியாத ஸ்பானிஷில் பேசி, கையெழுத்து வாங்கிக்கொண்டு பறந்துவிட்டதுதான் அந்த ஆலோசனை என்றனர் வவோரானிகள்.

மொழி நீதிமன்றத்திலும் பிரச்னையாயிற்று. வவோரானி மொழிக்கு உலகில் வேறெந்த மொழியுடனும் உறவு நிறுவப்படவில்லை. 2019 மார்ச்சில் பூயோ நகரில் விசாரணை தொடங்கியபோது, அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கோரி மூதாட்டிகள் எழுந்து பாடத் தொடங்கினார்கள். பாட்டு நிற்கவில்லை. நீதிபதிகள் விசாரணையை ஒத்திவைக்க வேண்டியதாயிற்று. ஏப்ரல் 26ல் தீர்ப்பு வவோரானிகளுக்குச் சாதகமாக வந்தது. சுமார் 5 லட்சம் ஏக்கர் காடு ஏலத்திலிருந்து தப்பியது. போராட்டத்தை முன்னின்று நடத்திய நெமோன்டே நென்கிமோவுக்கு 2020ல் கோல்ட்மன் விருது கிடைத்தது.

வெற்றிகளின் பட்டியல் இதோடு முடியவில்லை. ஆனால் காகிதத்தில் கிடைத்த வெற்றி காட்டுக்குள் போய்ச் சேர நாளாகிறது. எண்ணெய் வயல்களில் இரவும் பகலும் எரியும் வாயுச் சுடர்களை அணைக்கக் கோரி ஒன்பது சிறுமிகள் தொடுத்த வழக்கில் 2021ல் சாதகமான தீர்ப்பு வந்தது. குடியிருப்புகளுக்கு அருகில் உள்ளவற்றை 2023 மார்ச்சுக்குள் அகற்றவேண்டும். கெடு கடந்த பின்னும் சுடர்கள் எரிந்தன. யசுனி தேசியப் பூங்காவில் உள்ள 43ம் எண் வயலில் எண்ணெய் எடுப்பதை நிறுத்த வேண்டுமா என்று 2023 ஆகஸ்டில் நாடு முழுவதும் வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 59 சதவீதம் பேர் நிறுத்து என்றார்கள். ஒரு வருடத்தில் மூடவேண்டிய கிணறுகளில் முதல் கிணறு 2024 ஆகஸ்டில்தான் மூடப்பட்டது. முழுவதும் மூட 2029 ஆகும் என்றது அரசு.

அந்த வாக்கெடுப்பில் கவனிக்க வேண்டிய இன்னொரு கணக்கும் உண்டு. யசுனி அமைந்துள்ள ஒரெயானா மாகாணத்திலும், லாகோ அக்ரியோ உள்ள சுகும்பியோஸ் மாகாணத்திலும் பெரும்பான்மையோர் எண்ணெய் தொடரட்டும் என்றே வாக்களித்தார்கள். எண்ணெயை விட்டால் அங்கே வேறு வேலை இல்லை. அரை நூற்றாண்டு எண்ணெய் எடுத்த பிறகும் அதைத் தவிர வேறு பிழைப்பை அந்த மாகாணங்களுக்கு அது தரவில்லை. கடன் சுமை அழுத்தும் ஒரு நாடு பூமிக்கடியில் உள்ள செல்வத்தை விட்டுவிட வேண்டுமா என்று கீட்டோவில் கேட்பவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்ல. ஆனால் இழப்பு யார் தலையில் விழுகிறதோ அவர்களுக்கு லாபம் போகவில்லை என்பதற்கு லாகோ அக்ரியோவே சாட்சி. 2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில், மண்ணரிப்பால் இரண்டு குழாய்கள் உடைந்து 15 ஆயிரம் பீப்பாய்களுக்கு மேல் எண்ணெய் கோகா ஆற்றில் கலந்தது. அப்போதும் குடிக்க நீரின்றித் தவித்தவர்கள் கரையோர கிச்சுவாக்கள்தான். அந்தக் குழாய்களுக்கும் டெக்சகோவுக்கும் இப்போது சம்பந்தமில்லை. உள்நாட்டு நிர்வாகம் என்பதால் எண்ணெய் இனிப்பாகிவிடவில்லை.

சிக்கலின் வேர் சட்டத்தில் இருக்கிறது. ஈக்வடாரின் 2008 அரசியல் சட்டம் இயற்கைக்கே உரிமை வழங்கி உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. பழங்குடியினரின் நிலத்தில் கை வைக்குமுன் அவர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் அவர்கள் சம்மதிக்காவிட்டால்? சட்டப்படி மேல் நடவடிக்கை எடுக்கலாம் என்று அதே பிரிவு கதவைத் திறந்து வைக்கிறது. பூமிக்கடியில் உள்ளதெல்லாம் அரசின் சொத்து. வவோரானிகள் வென்ற வழக்கிலும், முறையாகக் கலந்தாலோசிக்கவில்லை என்பதுதான் தீர்ப்பு. முறையாகக் கலந்தாலோசித்து, அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் என்னாகும் என்பதற்கு அதில் பதில் இல்லை.

தமிழில் 'கேட்பது' என்ற சொல்லுக்கு வினவுவது என்றும் செவிகொடுப்பது என்றும் இரண்டு பொருள் உண்டு. ஈக்வடார் அரசு முதல் பொருளோடு நிறுத்திக்கொள்ளப் பார்க்கிறது. பழங்குடியினர் இரண்டாவது பொருளையும் சேர்த்தே கேட்கிறார்கள். பதிலுக்குக் கட்டுப்படும் எண்ணமில்லாமல் வினவுவதைவிட, லாகோ அக்ரியோவில் டெக்சகோ செய்ததுபோல் வினவாமலே தோண்டுவது ஒருவகையில் நேர்மையானது என்றுகூடச் சொல்லலாம்.

2025ல் ஈக்வடார் அரசு சுற்றுச்சூழல் அமைச்சகத்தை எரிசக்தி, சுரங்க அமைச்சகத்துடன் இணைத்துவிட்டது. காட்டைக் காக்க வேண்டிய மேஜையும் காட்டைத் தோண்ட அனுமதி தரும் மேஜையும் இப்போது ஒரே அறையில். அமேசானில் புதிய வயல்களை ஏலம் விடும் திட்டமும் தயாராயிற்று. காடு மறுபடியும் எண்களாகப் பிரிக்கப்படுகிறது. 1967ல் அந்தக் காட்டுவாசிகளிடம் வரைபடம் இல்லை, வழக்கறிஞர் இல்லை, நீதிமன்றத்தில் அவர்கள் மொழி பேச ஆளில்லை. இன்று மூன்றும் இருக்கிறது. கேட்பதற்கு ஆள் இருக்கிறார்களா என்பதை அடுத்த ஏலம் காட்டிவிடும்.